தள்ளிப்போடப்பட்ட நூல்

1858 ஜூன் மாதம். இலண்டனுக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்ந்துவந்த சார்லஸ் டார்வினுக்கு மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து ஓர் அஞ்சல் உறை வந்து சேர்ந்தது. உயிரின மாதிரிகளைச் சேகரித்து விற்றுப் பிழைத்துவந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், தாம் எழுதிய சிறு கட்டுரை ஒன்றை அனுப்பியிருந்தார். அதைப் படித்த டார்வின் நிலைகுலைந்துபோனார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அவர் வெளியிடாமல் வைத்திருந்த கருத்து, வேறொருவர் கையெழுத்தில் அவர்முன் கிடந்தது.

தம்மீதே ஐயம் கொள்வது டார்வினுக்குப் புதிதன்று. எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சென்று, மயக்க மருந்தில்லாத அக்கால அறுவை சிகிச்சையைக் காணப் பொறாமல் படிப்பைக் கைவிட்டவர் அவர். 1831-இல் பீகிள் கப்பலில் செல்லும் வாய்ப்பு வந்தபோது, தந்தை உடன்படாததால் முதலில் மறுத்தே கடிதம் எழுதினார். தாய்மாமன் தலையிட்டுத் தந்தையின் ஆட்சேபங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்ன பிறகே பயணம் கைகூடியது.

ஐந்தாண்டுப் பயணம் முடித்துத் திரும்பியவர், 1838-இல் இயற்கைத் தேர்வு என்னும் கருத்தை எட்டினார். வாழ்க்கைப் போராட்டத்தில் சூழலுக்கு ஏற்ற சிறு மாற்றங்களைப் பெற்ற உயிர்கள் தப்பிப் பெருகுகின்றன. அம்மாற்றங்கள் தலைமுறைதோறும் சேர்ந்து புதிய இனங்கள் தோன்றுகின்றன. 1842-இல் இதை 35 பக்கங்களில் பென்சிலால் எழுதினார். 1844-இல் அது சுமார் 230 பக்கங்களாக விரிந்தது. ஆயினும் அவர் அதை அச்சுக்கு அனுப்பவில்லை. தாம் திடீரென இறந்துவிட்டால் 400 பவுண்டு செலவிட்டு அதை வெளியிடுமாறு மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதிவைத்தார். இறந்தபின் வெளிவரலாம், இருக்கும்போது வேண்டாம் என்ற மனநிலை அது.

அச்சத்திற்குக் காரணம் இருந்தது. அதே ஆண்டு, உயிர்களின் படிப்படியான வளர்ச்சியைப் பேசும் நூல் ஒன்று ஆசிரியர் பெயரின்றி வெளியாகிக் கடும் தாக்குதலுக்கு உள்ளானது. அதைச் சாடியவர்களுள் ஒருவர், டார்வினுக்கு நிலவியல் கற்பித்த செட்ஜ்விக். எம்மாவோ ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். இதற்கிடையே, பல இனங்களை நுணுகி ஆராயாதவருக்கு இனங்களின் தோற்றம் பற்றிப் பேசத் தகுதி உண்டா என்ற பொருள்பட நண்பர் ஹூக்கர் வேறொருவரைக் குறித்து எழுதியதை டார்வின் தம்மைக் குறித்ததாகவே எடுத்துக்கொண்டார். 1846 முதல் எட்டு ஆண்டுகள், கப்பலடியிலும் பாறைகளிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை ஆராய்ந்து நான்கு நூல்கள் எழுதினார்.

இது தள்ளிப்போடலா, ஆயத்தமா? வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. இரண்டும் கலந்திருந்தன என்றே கொள்ளத் தோன்றுகிறது. அந்த எட்டு ஆண்டுகள் அவருக்கு மெய்யான புலமையைத் தந்தன. கூடவே, அஞ்சிய வேலையிலிருந்து விலகி நிற்க மதிப்பான காரணத்தையும் தந்தன. உழைப்பின் வேடத்தில் வரும் தயக்கத்தை அடையாளம் காண்பது கடினம். சோம்பலைக் கடிந்துகொள்ளும் நாம், நம்முடைய சுறுசுறுப்பைச் சந்தேகிப்பதில்லை.

1856-இல், வேறெவரேனும் முந்திக்கொள்ளக்கூடும் என நிலவியலாளர் லயல் எச்சரித்தார். டார்வின் எழுதத் தொடங்கினார். ஆனால் எல்லாச் சான்றுகளையும் அடக்கிய பெருநூலாக அது அமைய வேண்டுமென விரும்பினார். இரண்டு ஆண்டுகள் கழிந்தும் முடிவு கண்ணில் படவில்லை. அப்போதுதான் வாலஸின் உறை வந்தது.

முந்தியவர் என்ற உரிமையைக் கோருவதா, விட்டுக்கொடுப்பதா என்று அவர் தவித்த அந்நாள்களில் அவருடைய கைக்குழந்தை செங்காய்ச்சலால் இறந்தது. முடிவை லயலிடமும் ஹூக்கரிடமும் விட்டார். ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் வாலஸின் கட்டுரையும் டார்வினின் பழைய குறிப்புகளும் சேர்த்து வாசிக்கப்பட்டன.

அதன்பின் டார்வின் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. பெருநூலை ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் சுருக்கத்தை மட்டும் எழுத அமர்ந்தார். நாள்பட்ட நோயால் வருந்தியவருக்கு நெடுநேர உழைப்பு இயலாது. காலையில் ஒன்றரை மணி நேரம், இடைவெளி விட்டு மீண்டும் ஒன்றரை மணி நேரம். நண்பகலில் தோட்டத்து மணற்பாதையில் நடை. ஏறக்குறைய இந்த அளவுதான் அவருடைய அன்றாட எழுத்து வேலை. இருபது ஆண்டுகளாக முடியாதது, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முடிந்தது. 1859 நவம்பர் 24 அன்று ‘உயிரினங்களின் தோற்றம்’ 1250 படிகளுடன் வெளிவந்தது.

அவருடைய ஐயங்கள் தீர்ந்துவிட்டனவா? இல்லை. கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படி உருவாகியிருக்கும், இடைநிலை உயிர்கள் ஏன் அரிதாகக் காணப்படுகின்றன எனத் தம்மை உறுத்திய கேள்விகளை அந்நூலின் ஆறாம் அத்தியாயத்தில் அவரே எழுப்பி, இயன்ற விடை கூறினார். எழுதவிடாமல் தடுத்த ஐயமே எழுதுபொருளாயிற்று. அந்த நேர்மையே நூலுக்கு வலிமை சேர்த்தது.

விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை, கேட்க வேண்டிய மன்னிப்பு என நாம் ஒத்திப்போடுபவை டார்வினின் நூலைப் போன்றவை அல்ல. ஆனால் அவற்றின் பின்னுள்ள எண்ணம் ஒன்றே: முழுமையாகத் தயாரான பிறகு செய்யலாம். வாலஸின் கடிதம் போன்ற ஓர் அதிர்ச்சி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலையின் அளவைக் குறைத்து, நாளுக்கு ஒரு சிறுபொழுதை அதற்கென ஒதுக்கினால், ஐயம் உடனிருக்கும்போதே அது நகரத் தொடங்கும்.

டார்வின் 1882-இல் மறைந்தார். அவர் கனவு கண்ட அந்தப் பெருநூல் அவர் வாழ்நாளில் முற்றுப்பெறவேயில்லை. இனங்கள் குறித்த அதன் கையெழுத்துப் படி 1975-இல்தான் அச்சேறியது. உலகை மாற்றியது, போதாது என்று அவர் கருதிய சுருக்கமே.