அடா லவ்லேஸ் சீமாட்டி

புகழ்பெற்ற ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபுவின் மகளாக அடா 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஒரு மாதக் குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் கவிதைப் பித்து மகளையும் பற்றிவிடுமோ என்று அஞ்சிய தாயார், இளமையிலேயே கணிதம் பயில வைத்தார். 1829-இல் தட்டம்மை கண்டு நெடுநாள் படுக்கையில் கிடந்தபோதும் அடா படிப்பை விடவில்லை.

1833-இல், 17 வயதில், கணித அறிஞர் சார்லஸ் பாபேஜின் நட்புக் கிடைத்தது. பாபேஜ் பின்னர் திட்டமிட்ட பகுப்பு இயந்திரம், பூவேலைப் பட்டு நெய்யும் ஜக்கார்டு தறியைப் போலவே துளையிட்ட அட்டைகளால் இயங்க வேண்டியது. அதைப்பற்றி இத்தாலியரான மெனப்ரேயா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அடா மொழிபெயர்த்தார். 1843-இல் அது வெளிவந்தபோது, அவர் சேர்த்த குறிப்புகள் கட்டுரையைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு இருந்தன! பெர்னௌலி எண்களை இயந்திரம் படிப்படியாகக் கணக்கிடும் முறையை அவற்றில் அட்டவணையாகத் தந்தார். அதுவே முதல் கணிப்பொறி நிரல் என்பர். பாபேஜ் முன்பே சில எழுதியிருந்தார் என்பாரும் உளர். ஆனால் அவ்வியந்திரம் எண்களோடு நில்லாமல் இசையும் அமைக்கக்கூடும் என்று அடா எழுதினாரே, அதுதான் எனக்கு வியப்பு!

குறிப்புகளின் கீழ் அவர் இட்டது ஏ. ஏ. எல். என்னும் முதலெழுத்துகளை மட்டுமே. இயந்திரமும் கட்டி முடிக்கப்படவில்லை. மூன்று குழந்தைகளின் தாயான அடா, 1852 நவம்பர் 27-இல், 36 வயதில் புற்றுநோயால் இறந்தார். நினைவறிய முகம் காணாத தந்தையின் அருகிலேயே, ஹக்னால் ஆலயத்தில், விருப்பப்படி அடக்கம் செய்யப்பட்டார்.

1979-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் புதிய கணிப்பொறி மொழிக்கு 'அடா' என்று பெயரிட்டது. அம்மொழியின் தர ஆவணத்திற்கு இட்ட எண் 1815.