பேனாவைத் தொடக் கூடாதென்ற டாக்டர்... கதையாலேயே பதில் சொன்ன தாய்!

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனா நாம என்ன கேட்போம்? பையனா பொண்ணா, எத்தனை கிலோ, யார் ஜாடை... அம்மாவிடம் கேட்பதும் பால் போதுமா இருக்கா என்பதோடு முடிந்துவிடும். மனசு எப்படி இருக்கு என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

ஏறக்குறைய 140 வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு இளம் தாய் தன் மனசு எப்படி இருக்கிறது என்று தானே உட்கார்ந்து எழுதி டாக்டருக்குக் கொடுத்தார். டாக்டர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாய், எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன்.

கையில் குழந்தை, கண்ணில் நீர்

1860 ஜூலை 3-ம் தேதி, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார் சார்லட். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, வீடு வீடாக மாறி வளர்ந்த பிள்ளை. ஓவியம் படித்து, விளம்பர அட்டைகளுக்குப் படம் வரைந்து சொந்தக் காலில் நின்றார். 1884-ல் சார்லஸ் வால்டர் ஸ்டெட்சன் என்ற ஓவியரோடு கல்யாணம். 1885 மார்ச்சில் மகள் கேத்தரின் பிறந்தாள்.

கணவர் அன்பானவர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அம்மாவும் வந்து கூட இருந்தார். குழந்தையும் நல்லா இருந்துச்சு. ஆனாலும் மகளை நெஞ்சோடு அணைத்தால் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. நாள் முழுக்க சோபாவில் படுத்தபடி அழுதிருக்கிறார். எல்லாம் இருந்தும் ஏன் இப்படி என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கவனிங்க. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு, பாசம் இல்லாததால் வருவதில்லை. கவனிக்க ஆள் இருந்தாலும் வரலாம். சார்லட்டின் வீடே அதற்குச் சாட்சி.

அடுத்த குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் பசடேனாவுக்குத் தனியாகப் போனார். தோழி வீடு, வெயில், நல்ல பேச்சு. மனசு தேறியது. வீடு திரும்பியதும் பழைய இருட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

மாட்டேன் என்று சொல்ல முடியாத மருந்து

1887-ல் பிலடெல்பியாவின் பிரபல நரம்பியல் டாக்டர் சைலஸ் வெயர் மிட்செலிடம் போனார். மிட்செல் சாதாரண ஆள் இல்லை. வெட்டி எடுத்த கை, காலில் வலி தெரிவதைப் பற்றி ஆராய்ந்து பெயர் வாங்கியவர். பெண்களின் மனத் தளர்ச்சிக்கு அவர் கொடுத்த வைத்தியத்தின் பெயர் ஓய்வு சிகிச்சை. வாரக்கணக்கில் படுக்கை, உறவுகளிடமிருந்து தனிமை, வயிறு நிறையப் பால், சாப்பாடு, மசாஜ், லேசான மின்தூண்டல். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது.

இதே டாக்டர், மனம் தளர்ந்த ஆண்களை மேற்குப் பகுதிகளுக்கு அனுப்பி, குதிரை ஏறி, வேட்டையாடி வரச் சொன்னார். அப்படி அனுப்பப்பட்ட ஓவன் விஸ்டர் பிற்காலத்தில் கௌபாய் நாவலால் புகழ்பெற்றார். ஆணுக்குத் திறந்த வெளி, பெண்ணுக்குப் பூட்டிய அறை!

சார்லட் எழுதிய நீண்ட கடிதத்தை, தன்னைப் பற்றிய தற்பெருமை என்று மிட்செல் தள்ளிவிட்டார். சுமார் ஒரு மாத சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன அறிவுரை இன்னும் மோசம். வீட்டோடு இருக்க வேண்டும், குழந்தை எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், படிப்பு, சிந்தனை எல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான், பேனா, பிரஷ், பென்சிலை வாழ்நாள் முழுக்கத் தொடக் கூடாது.

சார்லட் அதையும் சில மாதங்கள் அப்படியே செய்தார். புத்தி பேதலிக்கும் விளிம்புவரை போய்விட்டார். வேதனை தாங்காமல் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்ளும் நிலை.

சுவரில் தெரிந்த பெண்

1888-ல் கணவரைப் பிரிந்து, மகளோடு பசடேனா போனார். மீண்டும் பேனாவை எடுத்தார். 1890-ல் எழுதி, 1892 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து மேகஸின்' இதழில் வெளியான சிறுகதைதான் 'மஞ்சள் சுவர்த்தாள்'. குழந்தை பெற்ற ஒரு பெண்ணை டாக்டர் கணவரே ஓய்வு என்ற பெயரில் ஒரு அறையில் வைக்கிறார். சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருப்பதாக அவளுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. பலர் அதைப் பேய்க்கதையாகப் படித்தார்கள். மிட்செலுக்கும் ஒரு பிரதி அனுப்பினார் சார்லட். பதில் வரவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சோர்வு ஆயுள் முழுக்க வந்து வந்து போனது. 1894-ல் விவாகரத்தாகி, மகளை அப்பாவிடம் அனுப்பியபோது பத்திரிகைகள் அவரைக் கல்நெஞ்சத் தாய் என்று கிழித்தன. ஆனாலும் 1898-ல் 'பெண்களும் பொருளாதாரமும்' நூல் எழுதினார். 1909 முதல் 1916 வரை 'ஃபோர்ரன்னர்' என்ற பத்திரிகையைத் தனி ஆளாக எழுதி நடத்தினார். இனம் பற்றிய அவருடைய சில கருத்துகள் ஏற்கவே முடியாதவை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசிக் காலத்தில் மகள் இருந்த பசடேனாவுக்கே திரும்பி, 1935 ஆகஸ்ட் 17-ல் இறந்தார்.

இப்போ நாம என்ன செய்யலாம்?

மிட்செலைப் பார்த்து சரியாக 100 வருஷம் கழித்து, 1987-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ மனச்சோர்வு அளவுகோல் வெளியானது. கடந்த ஏழு நாள் மனநிலை பற்றித் தாயிடமே கேட்கும் 10 கேள்விகள். அவ்வளவுதான். சார்லட்டின் கடிதத்துக்குக் கிடைக்காத மரியாதை இது.

வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவிகிதம், பிரசவித்தவர்களில் 19.8 சதவிகிதம் பேருக்கு மனநலப் பிரச்னை, முக்கியமாக மனச்சோர்வு, வருவதாகச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்க.

பிரசவமான முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராதது, எதிலும் பிடிப்பில்லாதது தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்க. தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பேச்சு சிகிச்சையும், பாலூட்டும்போதும் டாக்டர் பார்த்துத் தரக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அவங்க பேச ஆரம்பிச்சா, நடுவில் அறிவுரை சொல்லாமல் கடைசிவரை கேளுங்க. ராத்திரி ஒருமுறை குழந்தையை நீங்க வாங்கிக்கிட்டு, அவங்களைத் தூங்கவிடுங்க.