கம்பிச்சுருளுக்குப் பெயர் தந்த பள்ளி ஆசிரியர்

சிற்றலை வானொலியை வீட்டிலேயே செய்துகொண்ட ஆர்வலர்கள் முதலில் பழகிய வேலை, கம்பி சுற்றுவதுதான். அட்டைக் குழாயிலோ பழுதான வால்வின் அடிப்பாகத்திலோ, பட்டு அல்லது பருத்தி நூலால் பொதிந்த செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவார்கள். சுற்றுகள் கூடினால் குறைந்த அதிர்வெண் கிடைக்கும். குறைந்தால் உயர்ந்த அதிர்வெண் கிடைக்கும். அந்தச் சுருளின் தூண்டல் திறனை அளக்கும் அலகு ஹென்றி. வானொலி பிறக்கும் முன்பே மறைந்துவிட்ட ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்க ஆசிரியரின் பெயர் அது.

ஹென்றி 1797ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 13 வயதில் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பதின்ம வயதில் கையில் கிடைத்த ஓர் அறிவியல் நூல் அவருடைய பாதையை மாற்றியது. ஆல்பனி கழகப் பள்ளியில் கட்டணமின்றிப் படித்தார். 1826இல் அங்கேயே கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பேராசிரியரானார்.

அப்போது இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் மின்காந்தத்தை உருவாக்கியிருந்தார். அது ஏறத்தாழ 4 கிலோ எடையைத் தூக்கியது. அவர் சுற்றியது வெறுங்கம்பி. ஒரு சுற்று மற்றொன்றைத் தொட்டால் மின்சாரம் குறுக்குவழியில் பாய்ந்துவிடும் என்பதால், இடைவெளி விட்டுச் சில சுற்றுகள் மட்டுமே சுற்ற முடிந்தது. ஹென்றியோ கம்பிக்கே பட்டால் உறையிட்டார். இனிச் சுற்றுகளை நெருக்கமாக, அடுக்கடுக்காகச் சுற்றலாம். நாள் முழுவதும் பாடம் நடத்தியவருக்கு ஆய்வுக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் ஆகஸ்ட் விடுமுறைதான். அந்த நாள்களில் பொறுமையாகச் சுற்றிப் பழகிய அந்த முறையில், 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த மின்காந்தம் 900 கிலோவுக்கும் அதிகமான எடையைத் தாங்கியது. அதே காலத்தில், ஒரு மைலுக்கும் நீண்ட கம்பியின் மறுமுனையில் மணியை ஒலிக்கச் செய்தும் காட்டினார். தந்திக்கு அது வழிகாட்டியது. ஆயினும் அவர் காப்புரிமை எதையும் கோரவில்லை.

ஆனால் ஒரு தாமதம் அவருக்குப் பெரும் இழப்பானது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை ஃபாரடேக்கு முன்பே ஹென்றி கண்டிருக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் அவர் அதை உடனே வெளியிடவில்லை. 1831இல் ஃபாரடே அறிவித்துவிட்டார். பெருமையும் அவரையே சேர்ந்தது. ஹென்றி தம் கட்டுரையை 1832இல் வெளியிட்டார். அதில்தான் ஒரு புதிய செய்தி இருந்தது. நீளமான கம்பியை மின்கலத்திலிருந்து பிரிக்கும்போது தீப்பொறி தெறிக்கிறது. கம்பியைச் சுருளாக்கினால் பொறி மேலும் வலுக்கிறது. தன்னுள் ஓடும் மின்சாரம் மாறுவதைச் சுருள் எதிர்க்கிறது என்பதே இதன் பொருள். இதுதான் தன்மின்தூண்டல்.

அந்த ஆண்டே பிரின்ஸ்டன் கல்லூரிக்குச் சென்றார். லேடன் ஜாடியில் சேமித்த மின்சாரம் வெளியேறும்போது ஒரே திசையில் பாயாமல், ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் அலைந்து அடங்குகிறது என்று 1842இல் எடுத்துரைத்தார். பல மைல் தொலைவில் வெட்டிய மின்னல், தம் அறையிலிருந்த ஊசிகளைக் காந்தமாக்கியதையும் கண்டார். ஏறத்தாழ 45 ஆண்டுகளுக்குப் பின் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை மெய்ப்பித்தபோதுதான் இவற்றின் முழுப் பொருளும் உலகுக்கு விளங்கியது. வானொலிப் பெட்டியில் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே ஊசலாட்டத்தால்தான்.

1846 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளராகப் பணியாற்றிய ஹென்றி, 1878இல் காலமானார். 1893இல் சிக்காகோவில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, தூண்டல் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

மாணவர்களே, சிற்றலைச் சுருளொன்றின் அளவு சில மைக்ரோஹென்றிதான். நீங்களும் ஒன்றைச் சுற்றிப் பார்க்கலாம். எத்தனை சுற்று, எந்த நிலையம் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள். கண்டதை ஆசிரியரிடமும் நண்பர்களிடமும் சொல்லுங்கள். ஹென்றியின் கைகளிடம் கற்க வேண்டியது பொறுமை. அவருடைய தாமதத்திடம் கற்க வேண்டியது இது.