ஆடுகளுக்காக நடுங்கிய வள்ளல்

உங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு உண்டா? மாலை போட்டு, மஞ்சள் நீர் தெளித்து, ஆடு தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு தந்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்தக் காட்சியை நம்மில் பலரும் வேடிக்கை பார்த்திருப்போம். ஆடும் பன்றியும் கோழியும் அப்படி அலங்காரமாக அழைத்துச் செல்லப்படுவதைக் கண்டு, உள்ளம் நடுங்கி நின்றார் ஒரு மகான். அவர்தான் வடலூர் வள்ளலார்!

சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823 அக்டோபர் 5 அன்று ராமையா பிள்ளை - சின்னம்மை தம்பதிக்குப் பிறந்தவர் ராமலிங்கர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை காலமாகிவிட, சென்னை ஏழுகிணறு பகுதியில் அண்ணன் சபாபதியின் வீட்டில் வளர்ந்தார். கந்தகோட்டத்து முருகனே கதியென்று கிடந்த பிள்ளை!

தண்ணீரில் விளக்கெரித்த அற்புதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய நடுக்கம்தான். வலையை, தூண்டிலைப் பார்த்தாலே மனம் பதறும். பலி நடக்கும் கோயிலைக் கண்டாலும் பயம். இதையெல்லாம் இறைவனிடம் முறையிட்டு, 'பிள்ளைப் பெரு விண்ணப்பம்' என்ற பதிகத்தில் பாடியிருக்கிறார். தேர்க்காலில் சிக்கிய கன்றுக்காக மகனையே பலி கொடுக்கத் துணிந்த மனுநீதிச் சோழனின் கதையை, 1854-ல் 'மனுமுறை கண்ட வாசகம்' என்று உரைநடையில் எழுதியவரும் இவரே.

செடிகொடிக்கும் உயிர் உண்டே, அதை மட்டும் உண்ணலாமா என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. விதையும் காயும் கனியும், நம் உடம்பில் நகமும் ரோமமும் போல. அவற்றை எடுப்பதால் உயிர்க்கொலை நேர்வதில்லை என்றார்.

சரி, பலி கொடுப்பவர்களை அவர் வெறுத்தாரா? இல்லை! 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். பசி என்று வந்தால் சாதி, மதம் மட்டுமல்ல, புலால் உண்பவரா என்றும் பார்க்காமல் சோறு போட வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ஆனால், 1872-ல் ஜோதி வழிபாட்டுக்காக அமைத்த சத்திய ஞான சபைக்குள் நுழைய மட்டும், கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும் என்றார். நேற்று கிடா வெட்டியவருக்கும் சாலையில் இலை உண்டு, சபைக்குள் இடமில்லை.

1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டார் வள்ளலார். அருட்பெருஞ்ஜோதியில் கலந்ததாக அன்பர்கள் போற்றுகிறார்கள்.

பிற்காலத்தில் அரசும் முயன்றது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950-ல் வந்த சட்டம், ஏட்டளவிலேயே கிடந்தது. 2003-ல் அதைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்த, கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பி, 2004-ல் சட்டமே நீக்கப்பட்டது.

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்கு அருகில் இருக்கிறது வடலூர். தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி தரிசனம் காட்டுவார்கள். அப்படியே தருமச்சாலைக்கும் சென்று வாருங்கள். அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது.