ஐடி வேலைக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம்? ஜக்கார்டின் வாழ்க்கை உடைக்கும் 4 தவறான எண்ணங்கள்

திருப்பூரில் பல வீடுகளில் இந்த நிலைமை உண்டு. அப்பா நிட்டிங் யூனிட்டில், அம்மா செக்கிங்கில், பிள்ளை கோவையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பில். பனியன் கம்பெனி கை வேலை, சாஃப்ட்வேர் மூளை வேலை, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு வீட்டிலேயே பேச்சு.

ஆனால், டிசைனை மெஷினுக்கு வெளியே தனிக் கட்டளையாக எழுதிவைக்கும் முறையைத் தொழிலில் நிலைநிறுத்தியவர் ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளை. ஜக்கார்டு துணி, ஜக்கார்டு காலர் என்று திருப்பூர் தினமும் சொல்வது அவர் பெயரைத்தான். ஜோசப் மரி ஜக்கார்டு, 1752-ல் பிரான்ஸின் பட்டு நகரமான லியோனில் பிறந்தவர்.

1. பெரிய படிப்பு இருந்தால்தான் முடியும். வயசு போனால் முடியாது

ஜக்கார்டு பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கா வீட்டுக்காரர்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அப்பா பட்டு நெசவாளி. சின்ன வயதில் தறியில் உதவிக்கு நின்ற ஜக்கார்டு, பிறகு புத்தகம் பைண்டிங், அச்செழுத்து வார்ப்பு என்று வேறு வேலைகளும் பார்த்தார். 1772-ல் அப்பா இறந்ததும் கைக்கு வந்த சொத்து கடனில் கரைந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய போரில் மகனைப் பறிகொடுத்தார். பெயர் சொல்லும் தறியை அவர் உருவாக்கியது 1804-ல், 52-வது வயதில்.

2. ஒரே ஒரு மேதை உட்கார்ந்து எழுதுவதுதான் சாஃப்ட்வேர்

துளை போட்ட காகிதச் சுருளை 1725-ல் தறியில் பயன்படுத்தியவர் பஷீல் பூஷோன். அதை அட்டைகளாக மாற்றியவர் ஃபால்கோன். ஆள் இல்லாமல் இயங்கும் தறியை முயன்றவர் வோகான்சோன். 1803-ல் பாரிஸுக்கு அழைக்கப்பட்ட ஜக்கார்டு, அங்கே கிடந்த வோகான்சோனின் தறியைப் பார்த்தார். முன்னவர்களின் யோசனைகளைச் சேர்த்து, தொழிலில் ஓடும்படி செய்தார். அதிலும் குறை இருந்தது. பின்னால் வந்த பிரெத்தோன் என்பவர் சரிசெய்த பிறகுதான் தறி நன்றாகப் பரவியது. ஏற்கெனவே இருப்பதைப் படித்து, சேர்த்து, கோளாறு பார்த்துத் திருத்துவது: இன்றைய டெவலப்பரின் நாளும் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது.

3. கோடிங்னா தட்டச்சு, அவ்வளவுதான்

ஜக்கார்டு தறியில் ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. துளை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே தூக்கப்படும், இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே இருக்கும். அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்து மாட்டினால் டிசைன் விழும். வேறு டிசைன் வேண்டுமா? அட்டையை மாற்றினால் போதும், தறியை மாற்ற வேண்டாம்.

அட்டையில் துளை போடுவது சுலபம். ஓவியர் வரைந்த பூவைப் பார்த்து, எந்த இழை எப்போது மேலே வரவேண்டும் என்று வரி வரியாகப் பிரிப்பதுதான் கஷ்டம். ஒரு துளை தப்பினால் அதே தப்பு துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். லியோனில் டிசைனைப் படித்துப் பிரிப்பதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். ஜக்கார்டின் அம்மா செய்ததும் அந்த வேலைதான். பையர் அனுப்பிய டெக்பேக்கைப் பிரித்துப் படிக்கும் திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு இந்தக் கஷ்டம் புதுசு இல்லை. கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பதைத் தப்பில்லாமல் புரிந்துகொள்வதே பாதி சாஃப்ட்வேர்.

4. மெஷின் வந்தால் எல்லாரும் காலி. அல்லது யாருக்கும் ஒன்றும் ஆகாது

ரெண்டுமே முழு உண்மை இல்லை. பழைய தறியில் கயிறு இழுக்க ஓர் உதவியாள் வேண்டும். பெரும்பாலும் சிறுவர்கள். அந்த வேலை போனது. நெசவாளர்கள் ஜக்கார்டைக் கடுமையாக எதிர்த்தார்கள். அரசு 1805-ல் தறியைப் பொதுச் சொத்தாக்கி, அவருக்கு ஆண்டுக்கு 3,000 ஃபிராங்க் ஓய்வூதியமும் தறிக்கு 50 ஃபிராங்கும் கொடுத்தது. 1812-க்குள் பிரான்ஸில் சுமார் 11,000 தறிகள் ஓடின. அட்டை வெட்டும் புதிய வேலையும் பெருகியது.

ஆனால் லாபம் தானாகப் பங்கு பிரியவில்லை. 1831-ல் லியோன் நெசவாளர்கள் தெருவில் இறங்கியது பீஸ் ரேட்டுக்காக. துணிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கச் சொல்லி. ஏஐ வந்தால் வேலை இருக்குமா என்று கேட்கும் இன்றைய இளைஞர்களுக்கு இதில் ரெண்டு விஷயம் இருக்கிறது. கயிறு இழுப்பது போன்ற வேலையே முதலில் போகும். புரிந்து பிரிக்கத் தெரிந்தவருக்கு இடம் இருக்கும், ஆனால் அவருக்கு என்ன கூலி என்பதை மெஷின் முடிவு செய்வதில்லை.

அட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு

ஜக்கார்டு 1834-ல் இறந்தார். 1839-ல் அவர் உருவத்தையே பட்டில் நெய்தார்கள்; அதற்குத் தேவைப்பட்டவை சுமார் 24,000 அட்டைகள். அதில் ஒரு பிரதியை வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். தன் கணக்கு இயந்திரத்துக்குத் துளை அட்டை யோசனையை அவர் எடுத்தது இந்தத் தறியிடமிருந்துதான். அந்த இயந்திரம் கடைசிவரை முழுமையாகவில்லை. ஆனால் அது என்னவெல்லாம் செய்யக்கூடும் என்று 1843-ல் விளக்கிக் குறிப்பெழுதிய ஏடா லவ்லேஸும் ஜக்கார்டு தறியோடுதான் ஒப்பிட்டார்.

இன்று திருப்பூரில் கம்ப்யூட்டர் ஜக்கார்டு மெஷினுக்கு டிசைன் ஃபைலாகவே போகிறது. அட்டை போய்விட்டது, முறை அதேதான். நிட்டிங் யூனிட்டில் வளர்ந்த பிள்ளை ஐடிக்குப் போனால், அது குடும்பத் தொழிலுக்கு அவ்வளவு தூரமான வேலை இல்லை.