மிஞ்சியதை எண்ணிய உர்வா (ரஹ்)



அஸ்மா (ரலி) அவர்களின் மகனார் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்), மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவர். சிற்றன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஹதீஸ் கற்றவர்.

கலீஃபா வலீதைக் காண டமாஸ்கஸ் சென்ற பயணத்தில் அவருடைய கால் அழுகியது. உயிரைக் காக்க அதை வெட்டி எடுத்தார்கள். அதே பயணத்தில் மகன் முஹம்மது லாயத்தில் உதைபட்டு வஃபாத்தானார்.

உர்வா (ரஹ்) புலம்பவில்லை. கைகால் நான்கில் மூன்று மிஞ்சியதையும், மற்றப் பிள்ளைகள் நலமாயிருப்பதையும் சொல்லி ரப்பைப் புகழ்ந்தார்.

அந்தப் பார்வை ஒரே நாளில் வந்துவிடவில்லை. தினமும் குர்ஆனில் நான்கில் ஒரு பகுதியை ஓதி வந்தவர் அவர்.

இன்று இஷா தொழுதபின், நம்மிடம் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணி அல்ஹம்து லில்லாஹ் சொல்வோம். நாளையும் சொல்வோம். அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.