லியோ கன்னர்: தீர்ப்புச் சொல்லுமுன் கேட்ட வைத்தியர்

ஓட்டிசம் என்று இன்று நாம் அறியும் நிலையை 1943இல் விரிவாக எழுதி உலகறியச் செய்தவர் லியோ கன்னர். அவர் சிறுவர் உளமருத்துவர். ஆனாலும் இன்று முப்பது, நாற்பது வயதில், தனக்கு ஓட்டிசமோ ஏ.டி.எச்.டி எனப்படும் கவனக்குறைபாடோ இருக்கிறதா என்று கேட்டுப் போகிறவர்களுக்கும் அவரது வாழ்க்கையில் சொல்ல நிறைய இருக்கிறது. அந்தப் பரிசோதனை அறையில் என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கக்கூடாது என்ற இரண்டையும் அவர் தன் வாழ்நாளில் செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

கன்னர் 1894இல், அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியாவில், புரோடி நகருக்கு அருகிலிருந்த ஒரு சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று உக்ரேனில் இருக்கிறது. இளவயதில் கவிஞராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. கவிதைகளை யாரும் அச்சிடவில்லை, மருத்துவம் படித்தார். பேர்லினில் படித்துக்கொண்டிருந்தபோது முதலாம் உலகப் போர் வந்தது. இராணுவத்தில் சேர்க்கப்பட்டு, போர் முடிந்த பின்னரே பட்டம் பெற்றார். 1924இல் மனைவியோடும் மகளோடும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, தென் டகோட்டா மாநிலத்தில் ஓர் அரச மனநோய் வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 1928இல் பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்கு வந்தார். 1930இல் அங்கே சிறுவர் உளமருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 1935இல் சிறுவர் உளமருத்துவம் பற்றி அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டது.

ஓட்டிசத்துக்கு முன்பே அவர் செய்த ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். மேரிலாந்தில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கென இருந்த ரோஸ்வுட் நிறுவனத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களைச் சட்டத்தரணி ஒருவரும் நீதிபதி ஒருவரும் ஆட்கொணர்வு மனு மூலம் வெளியே எடுத்து, வசதியான வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பியிருந்தார்கள். பிடிக்காதபோது அந்த வீட்டார் அவர்களைத் தெருவில் விட்டார்கள். கன்னரும் ஒரு சமூகசேவையாளரும் அந்தப் பெண்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய் அவர்களுக்கு என்ன நடந்தது என்று பதிவு செய்து, 1937இல் பகிரங்கப்படுத்தினார்கள். காணாமல் போனவர்களைத் தேடுவது என்றால் என்னவென்று அறிந்த நமக்கு, அந்தப் பட்டியலின் கனம் விளங்கும்.

அதே காலத்தில் ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பிய யூத வைத்தியர்களுக்கு அமெரிக்காவில் வேலையும் விசாவும் கிடைக்க அவர் ஓடித் திரிந்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் வியன்னாவின் ஜோர்ஜ் பிராங்கல். 1938இல் மிசிசிப்பியிலிருந்து டொனால்ட் ட்ரிப்லெட் என்ற ஐந்து வயதுப் பையன் கன்னரிடம் வந்தபோது, அவனை இரண்டு வாரம் ஓர் இல்லத்தில் வைத்து அவதானித்தவர்களில் பிராங்கலும் ஒருவர். நாடு விட்டு வந்த ஒரு வைத்தியரின் கண்கள், அந்தப் பிள்ளையைக் கவனித்தன.

டொனால்டின் தகப்பன் ஒரு சட்டத்தரணி. மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். என்ன சாப்பிட்டான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான், எதைச் சுழற்றி விளையாடினான் என்றெல்லாம் அதில் இருந்தது. கன்னர் அந்தக் கடிதத்தை ஒதுக்கவில்லை. அதையே தன் ஆய்வின் அடித்தளமாக்கினார். எட்டு ஆண் பிள்ளைகள், மூன்று பெண் பிள்ளைகள் என 11 பேரைப் பற்றிய 1943ஆம் ஆண்டுக் கட்டுரை அப்படித்தான் உருவானது. நோயறிதல் என்பது ஒரு நாளில் போடும் முத்திரை அல்ல, ஒரு வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து கேட்பது என்பதற்கு அந்தக் கட்டுரை சாட்சி.

அதே நேரத்தில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் இதையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அந்த நகரின் ஸ்பீகல்குருண்ட் என்ற இடத்தில், வாழத் தகுதியற்றவர்கள் என்று நாசிகள் முடிவெடுத்த ஏறத்தாழ 800 பிள்ளைகள் இறந்தார்கள். அஸ்பேர்கரும் சில பிள்ளைகளை அங்கே அனுப்பினார் என்பதை வரலாற்றாய்வாளர் ஹேர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்டார். ஒரு வைத்தியர் தாளில் எழுதும் பெயர் உயிரைக் காக்கவும் கூடும், எடுக்கவும் கூடும். பெயர்ப்பட்டியல்களுக்கும் பதிவுகளுக்கும் பயந்து வாழ்ந்த ஒருவர், தன்னைப் பற்றி ஒரு தாளில் எழுதவிடத் தயங்குவதை வைத்தியர் பிடிவாதம் என்று எடுத்துவிடக்கூடாது.

கன்னரிடமும் ஒரு பெரும் பிழை இருந்தது. இந்த நிலை பிறவியிலேயே வருவது என்று 1943இல் எழுதியவர், பெற்றோரின் மனம் குளிர்ந்து போயிருந்ததையும் குறிப்பிட்டார். பின்வந்த ஆண்டுகளில் அந்தப் பேச்சு வலுத்தது. பிறகு புரூனோ பெட்டல்ஹைம் வந்தார். டக்காவ், புக்கன்வால்ட் வதைமுகாம்களில் அடைபட்டு மீண்ட அவர், முகாமில் மனமொடுங்கிப் போனவர்களோடு இந்தப் பிள்ளைகளை ஒப்பிட்டு, தாயை முகாம் காவலரின் இடத்தில் நிறுத்தினார். மனவடுவையும் பிறவி இயல்பையும் ஒன்றாகக் குழப்பியதன் விலையை ஒரு தலைமுறைத் தாய்மார் கட்டினார்கள். 1969இல் ஓட்டிசப் பிள்ளைகளின் பெற்றோர் அமைப்பின் கூட்டத்தில் கன்னர் எழுந்து, பெற்றோர்மீது குற்றமில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

1971இல் தன் முதல் 11 பிள்ளைகளும் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று தேடி எழுதினார். அரச மனநோய் நிறுவனங்களில் அடைக்கப்பட்டவர்கள் இருந்த திறமையையும் இழந்து ஒடுங்கிப் போயிருந்தார்கள். டொனால்டின் கதை வேறு. பெற்றோர் அவனை ஒரு பண்ணைக் குடும்பத்தோடு தங்கவிட்டிருந்தார்கள். எதையும் அளந்து பார்க்கும் அவனுடைய பழக்கத்தைக் கண்ட அந்த விவசாயி, கிணறு வெட்டவிட்டு ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். எண்ணிக்கொண்டே இருந்தவனைச் சோளவயலை உழவிட்டு வரிசைகளை எண்ணவிட்டார். டொனால்ட் பின்னர் வங்கியில் வேலை செய்தார், கார் ஓட்டினார், தனியே பல நாடுகளுக்குப் போய்வந்தார். 2023இல் 89 வயதில் காலமானார்.

கன்னர் 1981 ஏப்ரலில் காலமானார். ஓட்டிசத்துக்கு அவர் வகுத்த எல்லை ஒடுக்கமானது. பேசத் தெரிந்த, வேலைக்குப் போன பலர் அதற்கு வெளியே நின்றார்கள். அதே ஆண்டு லண்டனின் லோர்னா விங் எழுதிய கட்டுரை அந்த எல்லையை அகலமாக்கியது. வளர்ந்தவர்கள் தங்களைப் பற்றிக் கேட்கும் வழி அதன் பிறகே மெல்லத் திறந்தது.

அந்தக் கேள்வி நம்மவருக்கு இரட்டிப்புச் சிக்கலானது. சத்தத்துக்குத் திடுக்கிடுவது, கூட்டத்தைத் தவிர்ப்பது, மனம் ஓரிடத்தில் நில்லாதது, நித்திரையின்மை ஆகியவை மனவடுவிலும் வரும்; ஓட்டிசத்திலும் ஏ.டி.எச்.டியிலும் வரும். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பிரித்தறிய உதவும் கேள்வி, எப்போதிருந்து என்பதுதான். ஏ.டி.எச்.டிக்கு 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். ஓட்டிசத்தின் இயல்புகள் சிறுபராயத்திலேயே தொடங்கும். ஆனால் 1995 இடப்பெயர்வில் தோளில் தூக்கிச் செல்லப்பட்ட ஒரு பிள்ளைக்கும், 2009இல் பதுங்குகுழியில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கும் போருக்கு முன் என்று ஒரு காலமே இல்லை. கிளினிக் கொப்பியும் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையும் எரிந்துவிட்டன. சிறுவயதைச் சொல்லக்கூடிய தாய் சிலருக்கு உயிரோடு இல்லை.

அப்படியானவரை ஒரு வினாத்தாளோடு மட்டும் மதிப்பிட முடியாது. என்ன கேட்கப்படும், ஏன் கேட்கப்படும் என்று முதலிலேயே சொல்ல வேண்டும். இடையில் நிறுத்தலாம், சிலவற்றைச் சொல்லாமலும் விடலாம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். செல்வீச்சை மீண்டும் விவரிக்க வைக்கத் தேவையில்லை. சட்டைத் துணியின் உராய்வு சின்ன வயதில் பிடித்ததா, விளையாட்டில் ஒழுங்கு மாறினால் அழுதாரா என்று கேட்கலாம். ஹெலிகொப்டர் சத்தத்துக்கு மட்டும் உடல் நடுங்குகிறதா, கிரைண்டர் சத்தமும் எப்போதுமே தாங்கவில்லையா என்று கேட்கலாம். தாய் இல்லையென்றால் பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா, முகாமில் படிப்பித்த ரீச்சர் என்று நினைவு வைத்திருப்பவர்கள் எங்காவது இருப்பார்கள். முடிவு எதுவானாலும், மற்றதைப் பொய்யாக்கிவிடாமல் சொல்ல வேண்டும்.

இதற்கு நேரம் வேண்டும். டொனால்டை அறிய 33 பக்கமும் இரண்டு வாரமும் தேவைப்பட்டன. போரைக் கடந்து வந்து, தன்னை விளங்கிக்கொள்ள உதவி கேட்கும் ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும் என்று யாரும் நினைக்கக்கூடாது. கூடுதல் நேரம் கேட்க அவர் தயங்கவும் தேவையில்லை.